ஆழ வெட்டு

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஓர் ஐஸ் அரங்கு. அதன் வாசலோடு ஒட்டினாற்போல எமில்டாவின் கடை. ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர்களின் ஸ்கேற் சப்பாத்துகளுக்கு அவர் சாணை பிடித்துக் கொடுப்பார்.

கௌரிதாசன் அவரிடம் தொழில் பழக வந்தவர். வயதில் எமில்டாவை விட நன்றாக மூத்தவர். வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க மனம் கேட்கவில்லை, வந்துவிட்டார். அவர் எமில்டாவை ‘ரீச்சர்’ என்பார். எமில்டா அவரை ‘அண்ணை’ என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

ஸ்கேற்றின் அடியில் இருக்கும் பிளேட், அதாவது இரும்பு அலகு, கத்தி மாதிரிக் கூராக இருக்காது. அடிப்பக்கத்தில் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரண்டு கரையும்தான் ஐஸைக் கடிக்கிற விளிம்புகள். பள்ளத்தை ஆழமாக வெட்டினால் விளிம்பு ஐஸை இறுக்கிப் பிடிக்கும். திரும்பும்போது வழுக்காது. ஆனால் ஓட்டம் பாரமாகிவிடும், கால் களைத்துப்போகும். மேலோட்டமாக வெட்டினால் காற்று மாதிரிப் போகலாம், பிடி குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ அளவுகள் இருக்கின்றன.

வந்த புதிதில் கௌரிதாசன் கேட்டார்.

“ரீச்சர், இதுக்குள்ள எது திறமான வெட்டு?”

“ஆரின்ர காலுக்கு?”

“பொதுவாக் கேக்கிறன்.”

“பொதுவா ஒரு காலும் இஞ்ச வாறேல்லை அண்ணை.”

அன்று பின்னேரம் பஸ் ஓட்டுகிற சிறீபாலன் வந்தார். ஆள் நல்ல பாரம். சப்பாத்தைத் தூக்கி மேசையில் வைத்தார்.

“எமில்டாக்கா, எனக்கு இருக்கிறதுக்குள்ள ஆழமான வெட்டாப் போடுங்கோ. ரீவியில விளையாடுற அந்தப் பெடியன் அதுதானாம் போடுறவன்.”

“அந்தப் பெடியன் என்ன பாரம்? நீங்கள் என்ன பாரம்?”

“பாரத்தை விடுங்கோ. ரெண்டு பேரும் போடுறது ஒரே நம்பர் சேட்டுத்தான்.”

“உங்கட பாரத்துக்கு அது ஐஸுக்குள்ள புதையும் தம்பி. நிக்கேக்க இடுப்புப் பிடிக்கும். நடு அளவாப் போடுவமே?”

“ஆழந்தான் வேணும்.”

எமில்டா அவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அந்தக் கதிரை எப்போதும் மிசினுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அளவு மாற்றி வெட்டுவதென்றால் சப்பாத்துக்காரர் அதில் வந்து இருக்கவேண்டும். எமில்டா அவர் கேட்டதையே வெட்டிக் கொடுத்தார்.

சிறீபாலன் போனபிறகு கௌரிதாசன் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“பிழை எண்டு தெரிஞ்சும் வெட்டிக் குடுத்தியளே ரீச்சர்?”

“தெரிஞ்சதைச் சொன்னன். கால் அவரின்ர.”

கௌரிதாசன் தலையாட்டினார். விளங்கினது என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள், சாம்பவி. கல்லூரியில் படிக்கிறாள். சின்ன வயது தொட்டு ஹொக்கிதான் அவளுக்குச் சாப்பாடு, நித்திரை எல்லாம். கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் நடக்கவிருந்த தெரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். போன வருடமும் கொடுத்து, எடுபடவில்லை. இது கடைசி வருடம். இதில் விட்டால் விட்டதுதான்.

அதற்கு முந்தின ஞாயிறு ஒரு விளையாட்டில் அவள் விழுந்துவிட்டாள். வேகமாகத் திரும்பும்போது கால் வழுக்கி, போய்ப் பலகைச் சுவரில் தோளால் அடித்தாள். அந்தச் சத்தம் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்த கௌரிதாசனின் நெஞ்சுக்குள் கேட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. தோள் மட்டும் நாவல்பழ நிறமாக வீங்கிவிட்டது. அவள் எழும்பி, அடுத்த ஆட்டமும் விளையாடினாள்.

அதற்குப் பிறகு தகப்பனுக்குச் சரியான நித்திரை இல்லை.

வெள்ளி காலையில் சாம்பவி சப்பாத்துப் பையைக் கடையில் வைத்துவிட்டுப் போனாள்.

“அப்பா, வழமையான வெட்டு. விளிம்பை மட்டும் கூராக்கி விடுங்கோ. வகுப்பு முடிய வந்து எடுக்கிறன்.”

அவள் போனதும் கௌரிதாசன் எமில்டாவிடம் வந்து நின்றார்.

“ரீச்சர், இவளுக்கு இந்த வெட்டுக் காணாது. பிடி இல்லாமத்தானே வழுக்கினது? ஆளும் மெல்லிசு. மெல்லிசான ஆக்களுக்கு ஆழ வெட்டுத்தான் நல்லதெண்டு நீங்களே சொல்லித் தந்தனீங்கள்.”

“சொன்னனான்தான்.”

“அப்ப ஆழமா வெட்டட்டே?”

“பிள்ளை என்ன சொன்னவ?”

“அவ என்ன சொல்லுவா? வழமையானதாம்.”

“அவ வரட்டும். கதிரையில இருத்தி வைச்சுக் கதைப்பம்.”

அன்று மாதத்தின் முதல் வெள்ளி. எமில்டா தேவாலயத்துக்கு மத்தியானப் பூசைக்குப் போவது வழக்கம். தலையில் போடும் துணியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

கடையில் கௌரிதாசன் தனியே இருந்தார். சப்பாத்துப் பையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு எழும்பினார்.

சாணை மிசினில் ஒரு குமிழ் உண்டு. அதைத் தேவையான அளவுக்குத் திருப்பி, ஒரு வைரமுனையால் கல்லின் முகத்தைச் செதுக்கவேண்டும். கல் எந்த அளவுக்கு வளைகிறதோ, பிளேட்டில் விழும் பள்ளமும் அந்த அளவுதான். கௌரிதாசன் குமிழை ஆழப் பக்கம் திருப்பினார். கல்லைச் செதுக்கினார். மகளின் பிளேட்டுகள் இரண்டையும் ஆழமாக வெட்டினார். நகத்தால் இழுத்துப் பார்த்தார். நகம் சீவுப்பட்டது.

சட்டைப் பையிலிருந்து கோயில் திருநீற்றை எடுத்து, பிளேட்டில் கொஞ்சம் தொட்டுவைத்தார். சப்பாத்துகளைப் பைக்குள் இருந்தபடியே வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு, சாப்பிடப் போனார்.

எமில்டா பூசை முடிந்து வந்தார். மிசினைத் துடைக்கத் துணியை எடுத்தவர், குமிழ் நிற்கும் இடத்தைப் பார்த்தார். கீழே புதிதாகக் கொட்டியிருந்த இரும்புத் தூளைப் பார்த்தார். மூலையில் இருந்த பையையும் ஒருமுறை பார்த்தார்.

பையைத் தொடவில்லை. மேசைக்குக் கீழே கௌரிதாசனின் சொந்தச் சப்பாத்துகள் கிடந்தன. அவற்றை எடுத்தார். குமிழை இருந்த இடத்திலேயே விட்டு, அந்தப் பிளேட்டுகளையும் அதே ஆழத்துக்கு வெட்டினார். திரும்பவும் மேசைக்குக் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஐஸ் சும்மா கிடக்கும். ஊர்க்காரர் கொஞ்சப் பேர் சேர்ந்து அந்த நேரம் விளையாடுவார்கள். ஓட்டத்தை விடக் கதைதான் கூட. கௌரிதாசனும் அதில் ஒருவர். சாப்பிட்டு வந்து, சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, மட்டையோடு போனார்.

அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு நிற்கும் முறை. மெதுவாகச் சறுக்கிச் சறுக்கி, காலைப் பக்கவாட்டில் திருப்பி, அப்படியே ஓய்ந்து நிற்பார். அன்றும் அப்படித்தான் காலைத் திருப்பினார். விளிம்பு ஐஸைக் கவ்விப் பிடித்தது. கால் நின்றது. ஆள் நிற்கவில்லை.

முழங்கால் இரண்டும் ஐஸில் அடிக்க, கையை முன்னுக்கு நீட்டியபடி போய் விழுந்தார்.

“தாசண்ணை, கோயில் அந்தப் பக்கமல்லோ?” என்று சிறீபாலன் கத்தினார். “இஞ்ச ஆரைக் கும்பிடுறியள்?”

எல்லோரும் சிரித்தார்கள். கௌரிதாசன் எழும்பினார். இன்னொரு முறை போனார். இன்னொரு முறை விழுந்தார். மூன்றாந்தரம் சிறீபாலனே வந்து கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்து விட்டார்.

நனைந்த முழங்காலோடு அவர் கடைக்குள் வந்தார்.

“ரீச்சர், என்ர சப்பாத்தை ஆர் தொட்டது?”

“நான்தான் அண்ணை.”

“நீங்களோ? அளவை எல்லே மாத்தி வைச்சிருக்கிறியள்!”

“ஓம். கொஞ்சம் ஆழமா வெட்டினனான்.”

“என்னைக் கேளாமலோ?”

“நீங்கள் விழக்கூடாது எண்டுதான் வெட்டினனான்.”

கௌரிதாசன் மிசினின் குமிழைப் பார்த்தார். அது தான் திருப்பிவைத்த இடத்திலேயே நின்றது.

கதிரையில் இருந்து மெதுவாக நாடாவை அவிழ்த்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றியதும் சொன்னார்.

“அதுவும் இதுவும் ஒண்டில்லை ரீச்சர். நான் நிக்கவே தெரியாத கிழவன். அவள் அஞ்சு வயசில இருந்து ஓடுறவள். அவளுக்கு இந்த வெட்டு உதவும். நான் யோசிச்சுத்தான் செய்தனான்.”

“உதவலாம்.”

“உதவுமெண்டா பிறகென்ன?”

“அதுதான் நானும் யோசிக்கிறன். உதவுமெண்டா ஏன் அவ வரமுந்தி வெட்டினீங்கள்?”

கௌரிதாசன் மற்றச் சப்பாத்தைக் கழற்றினார்.

“அவளுக்குச் சொல்லப்போறியளோ?” என்று கேட்டார்.

“நான் சொல்லமாட்டன்.”

“சொல்லாம விட்டா அவளுக்குத் தெரியவராது. விழாம விளையாடுவாள். எடுபடுவாள்.”

எமில்டா வேறு யாருடையதோ சப்பாத்து ஒன்றை எடுத்து நாடா மாற்றத் தொடங்கினார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகச் சாம்பவி வந்தாள். தோளில் புத்தகப் பை, கையில் பாதி சாப்பிட்ட ரோல்ஸ்.

“எமில்டா அன்ரி, எனக்காக மன்றாடினீங்களா?”

“மன்றாடினனான் பிள்ளை.”

“அப்பா கோயிலுக்கு நேர்ந்திருப்பார். ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு, பிறகென்ன?” சிரித்துக்கொண்டே பையை எடுத்தாள். “ஆறு மணிக்குத் தொடங்குது. ட்ராபிக்கில போகவே ஒரு மணித்தியாலம். நான் வாறன்.”

கதவைத் தள்ளினாள்.

“பிள்ளை,” என்றார் கௌரிதாசன்.

“என்னப்பா?”

“அதைக் கொண்டு வா.”

“ஏன்?”

“கொண்டு வாவன்.”

அவள் திரும்பி வந்து பையை மேசையில் வைத்தாள். கௌரிதாசன் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நான் அதை ஆழமா வெட்டிப்போட்டன்.”

சாம்பவி ரோல்ஸைக் கீழே வைத்தாள். பையைத் திறந்து ஒரு சப்பாத்தை எடுத்துத் திருப்பி, விளிம்பில் நகத்தை இழுத்தாள். நகத்தைப் பார்த்தாள்.

“எப்ப வெட்டினீங்கள்?”

“மத்தியானம்.”

“நான் வழமையானது எண்டு சொன்னனான்தானே?”

“சொன்னனீ.”

“என்னைக் கேட்டிருக்கலாமே அப்பா. ஒரு போன் அடிச்சிருக்கலாம்.”

“அடிச்சிருக்கலாம்.”

“ஏன் அடிக்கேல்லை?”

“அடிச்சா வேண்டாமெண்டு சொல்லியிருப்பாய்.”

சாம்பவி சப்பாத்தை மேசையில் வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை.

“அப்பா, நான் இதோட அங்க போய் முதல் ஓட்டத்திலேயே கால் இழுபட்டிருந்தா, எனக்கு என்ன நடக்குதெண்டே விளங்கியிராது. பயத்திலதான் எனக்குக் கால் வருதில்லை எண்டு நினைச்சிருப்பன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கேக்க.”

கௌரிதாசன் தலையை நிமிர்த்தவில்லை.

“அண்டைக்கு நீ விழுந்ததை நான் பாத்தனான் பிள்ளை.”

“நானும் அங்கதான் இருந்தனான் அப்பா.”

எமில்டா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பிள்ளை, ஐஸ் வெறுமையாத்தான் கிடக்கு. ஒருக்காப் போட்டுக்கொண்டு போய் ஓடிப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ.”

சாம்பவி சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனாள். கௌரிதாசன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

அவள் அரங்கின் கோடிவரை ஓடி, உடம்பைச் சரித்து, சரேலென்று திரும்பினாள். கால் நூல் பிடித்தமாதிரி வந்தது. கொஞ்சமும் வழுக்கவில்லை. இன்னும் வேகமாக ஒரு திரும்பல். அதுவும் அப்படியே.

“பாருங்கோ ரீச்சர்,” என்றார் கௌரிதாசன் மெதுவாக. “என்ன வடிவாத் திரும்புறாள்.”

“ஓம் அண்ணை. வடிவாத்தான் திரும்புறா.”

பிறகு அவள் நின்று பார்த்தாள். ஓடி வந்து நின்றாள். திரும்பவும் ஓடி வந்து நின்றாள். பின்னுக்குப் போய்ப் பார்த்தாள். தொடையைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஒருதரம் நின்றாள். கரைக்கு வந்தாள்.

“திரும்புறதுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “அப்பா பிழையெண்டு சொல்லேலாது.”

கௌரிதாசனின் முகம் கொஞ்சம் வெளித்தது.

“ஆனா ஒவ்வொரு தரமும் நிக்கேக்க காலைப் பிடிச்சு இழுக்குது. இதோட என்னால பாதி நேரந்தான் ஓடலாம். ஆள் எடுக்கிறவை கடைசிப் பத்து நிமிசந்தான் கவனமாப் பாப்பினம், ஆருக்கு இன்னும் கால் மிச்சமிருக்கு எண்டு. எனக்குப் பழைய வெட்டுத்தான் வேணும்.”

“ரெண்டுக்கும் நடுவில ஒரு அளவு—”

“அப்பா.”

“சரி.”

“நான் விழலாம். போன ஞாயிறும் விழுந்தனான்தானே? எனக்கு என்ர வெட்டு எங்க வழுக்குமெண்டு தெரியும். இது எங்க பிடிக்குமெண்டு தெரியாது.”

மூன்று பேரும் கடைக்குத் திரும்பினார்கள். எமில்டா, அவள் கழற்றிய சப்பாத்துகளை வாங்கி, பிளேட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“ஆழத்தை அழிச்சுப் பழைய அளவுக்குக் கொண்டுவர நிறைய இரும்பு போகும்,” என்றார். “போனா மிச்சம் இவ்வளவுதான் இருக்கும். இன்னொருதரம் பிழைச்சா வேற பிளேட்தான் போடவேணும். இண்டைக்கு அதுக்கு நேரமில்லை.”

கௌரிதாசன் மிசினை விட்டு விலகி, எமில்டாவுக்கு இடம் விட்டார்.

“நீங்கள் வெட்டிக் குடுங்கோ ரீச்சர்.”

“வேண்டாம் அன்ரி,” என்றாள் சாம்பவி. “அப்பா வெட்டினதை அப்பாவே அழிக்கட்டும்.”

அவள் வந்து மிசினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். வெறும் காலுறையோடு, கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

கௌரிதாசன் எமில்டாவைப் பார்த்தார்.

அவர் குமிழைத் திருப்பினார்.

“இவ்வளவோ?” என்று மகளைக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம். ஓம், அதுதான்.”

வைரமுனையால் கல்லைச் செதுக்கினார். ஒரு சப்பாத்தைக் கவ்வியில் வைத்து இறுக்கினார். சரிதானா என்று இரண்டுதரம் பார்த்தார். திருநீறு பட்டிருந்த இடத்தின் ஈரத்தைத் துணியால் துடைத்தார். கல் சுழலத் தொடங்கியது.

பிளேட்டைக் கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நிறுத்தினார். திரும்பவும் கொண்டுபோனார். தொடவிருந்த நேரத்தில் பின்னுக்கு இழுத்துவிட்டார்.

“ரீச்சர்.”

“சொல்லுங்கோ.”

“கை நடுங்குது. நீங்கள் ஒருக்கா வாங்கோவன்.”

எமில்டா கிட்ட வந்து அவருடைய கையைப் பார்த்தார்.

“மத்தியானம் நடுங்கினதோ?”

“இல்லை.”

“அப்ப இப்பதான் நீங்கள் வெட்டலாம் அண்ணை. வெட்டுங்கோ.”